அண்ணி ஓட்டை போட்ட டிரம்கள்

கடப்பாரை பிளாஸ்டிக் டிரம்மின் அடியைத் துளைக்கும்போது 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். பெரிய சத்தம் இல்லை. ஆனால் எங்கள் அண்ணியை நினைத்தால் முதலில் என் காதில் விழுவது அதுதான். குந்தாரப்பள்ளிச் சந்தையில், வெயில் ஏறிய நேரத்தில், வரிசையாக நிறுத்தி வைத்திருந்த நீல நிற டிரம்களை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துக் கவிழ்த்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளாலும் கடப்பாரையைத் தூக்கி இறக்குவார். ஆடு பிடிக்க வந்தவர்கள், மாடு விற்க வந்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். டிரம் வியாபாரியின் ஆட்கள் ஓடிவந்து அடிப்பார்கள். அண்ணி அடியை வாங்கிக்கொண்டே அடுத்த டிரம்மை உதைத்துக் கவிழ்ப்பார். எண்பதுகளின் கடைசியில் அந்தப் பக்கம் சந்தைக்குப் போய்வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், 'அட, அந்தக் கடப்பாரைக்காரி' என்று இப்போது ஞாபகம் வரலாம். அது எங்கள் அண்ணிதான்.

பேரிகைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் ஓசூர்த் தொழிற்பேட்டையில் லேத் மெஷினில் வேலை பார்த்தேன். லீவு கிடைத்தால் ஊருக்குப் போவேன். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அண்ணி கர்நாடகத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். சாதாரண நேரத்தில் தமிழ் பேசுவார், அக்கம்பக்கத்துப் பெண்களோடு வம்பளக்கத் தெலுங்கு, கோபம் வந்துவிட்டால் கன்னடம். அவர் கன்னடம் பேசாத நாளை நான் பார்த்ததில்லை. அண்ணன் வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து அண்ணியே பேசிவிடுவார், சண்டையும் போட்டுவிடுவார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. சொந்தம் இல்லை, ஆனாலும் பெரிய மாமா, சின்ன மாமா என்றுதான் கூப்பிடுவோம். பொதுக் கிணற்றில் யார் முறைக்கு எப்போது தண்ணீர் இறைப்பது என்று அண்ணிக்கும் பெரிய மாமாவுக்கும் அடிக்கடி வாய்த்தகராறு நடக்கும். காலையில் சண்டை போட்டுவிட்டு சாயந்திரம் அவர் வீட்டுக்கே மோர் கொடுத்தனுப்புவதும் அண்ணியின் வழக்கம்.

புளி விஷயத்தில் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் ஒரு கண்டிப்பு உண்டு. மாசி, பங்குனியில் மரத்தை உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்த புளியை அடைக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கிட்டே வரக்கூடாது. ஈரக் கையோடு யாரும் பக்கத்தில் போக முடியாது. தண்ணீர் பட்டால் புளி பூசணம் பூக்கும், புழு வைக்கும். அப்புறம் வருஷம் முழுக்கக் குழம்புக்கு அல்லாட வேண்டியதுதான். அதனால் புளி அடைக்கிற பெரிய மண் மொடாவைக் கழுவவே மாட்டார்கள். காய்ந்த துணியால் துடைத்து, அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் புளியைப் போட்டுக் குத்திக் குத்தி அடைப்பார்கள். அப்படி அடைத்த புளி அடுத்த மாசி வரை நிறம் மாறினாலும் கெடாது. இது சரியான பழக்கம். இன்றைக்கும் யாராவது கேட்டால் நான் இதையேதான் சொல்வேன்.

ஒரு வருஷம் எலி மொடாவின் வாய்த்துணியைக் கடித்து உள்ளே இறங்கிவிட்டது. அண்ணி இரண்டு நாள் எலியின் வம்சத்தையே கன்னடத்தில் திட்டிவிட்டு, குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போய் இறுக்கமான மூடி போட்ட ஒரு டிரம் வாங்கிவந்தார். ஓசூரில் கம்பெனிகள் பெருகப் பெருக, அங்கே காலியாகிற டிரம்களெல்லாம் பழைய சாமான் வியாபாரிகள் கைக்குப் போய், நெடுஞ்சாலையோரம் அந்தச் சந்தையில் வந்து குவியும். வியாபாரி அவற்றின்மேல் ஒட்டியிருந்த தாளை மண்ணெண்ணெய் தடவிச் சுரண்டி, வெளிப்பக்கத்தைப் பளபளவென்று துடைத்து வைத்திருப்பார். தாள் இருந்த இடத்தில் சதுரமாகப் பிசின் கறை மட்டும் தெரியும். தண்ணீர் பிடித்து வைக்க வாங்குகிறவர்கள் வீட்டுக்குப் போய் உள்ளே நாலு தடவை தேய்த்துக் கழுவிக்கொள்வார்கள். புளிக்கு வாங்கிய அண்ணி கழுவவில்லை. அடியில் வெள்ளையாக ஏதோ கட்டிதட்டிப் பிடித்திருந்தது. துணிக்கு அது வரவில்லை. விரலால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். கரித்தது. உப்பு போட்டு வைத்திருந்த டிரம் போலிருக்கிறது, நல்லதாய்ப் போயிற்று என்று அதன்மேலேயே புளியை அடைத்துவிட்டார். அவர் இடத்தில் எங்கள் ஊர்ப் பெண் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஒரே ஒரு தகவல் தெரிந்திருந்தால் போதும், அந்த டிரம்மைத் தொட்டிருக்க மாட்டார்கள். அந்தத் தகவலைத்தான் வியாபாரி மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டியிருந்தார்.

மேல்புளி வருஷம் முழுக்க நன்றாகத்தான் இருந்தது. நானே எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். தை மாதம், பொங்கல் கழிந்து, களத்தில் ராகி அடிக்கும் நாள். நான் லீவில் ஊரில் இருந்தேன். கதிர் அடிக்க வந்தவர்களுக்குக் களியும் புளிக்குழம்பும். டிரம்மில் அடிப்புளி மட்டும் மிச்சம் இருந்தது. ஆள் அதிகம் என்பதால் அதை மொத்தமாகச் சுரண்டிப் போட்டு அண்ணி ஊறவைத்தார். அடிப்புளி கறுத்துத்தான் இருக்கும், யாரும் எதுவும் நினைக்கவில்லை. அன்று காலையில்தான் கிணற்றடியில் அண்ணிக்கும் பெரிய மாமாவுக்கும் ஒரு சுற்று நடந்து முடிந்திருந்தது. ஆனாலும் அவரும் எங்கள் களத்துக்கு வந்து உட்கார்ந்து, 'வாய்தான் நீளம், கை ருசி' என்று அண்ணியைச் சீண்டிக்கொண்டே இரண்டு உருண்டை களி சாப்பிட்டார். அண்ணன் சாப்பிட்டார். வேலையாட்கள் சாப்பிட்டார்கள். பரிமாறுகிற பெண் கடைசியில் சாப்பிடுவது வழக்கம் என்பதால் அண்ணி சாப்பிடவில்லை. நான் பேரிகையில் ஒரு வேலை முடித்துவிட்டு அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக் கைகழுவிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் என்று நினைத்தோம். அடுத்தது பெரிய மாமா. எழுந்தவர் நாலடி நடந்து, அடித்துப் போட்ட கதிரின்மேல் குப்புற விழுந்தார். அவரைத் திருப்பிப் போட்டபோது அவர் உதடு நீலமாக இருந்தது. நகமெல்லாம் நீலம். திரும்பிப் பார்த்தால் களம் முழுக்க ஆட்கள் சுருண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. அந்த வாயின் நிறம் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. பெரிய மாமா அங்கேயே போய்விட்டார்.

சின்ன மாமா ஓடிவந்தபோது அவர் அண்ணனுக்கு மூச்சில்லை. அவர் நேராக அண்ணியிடம்தான் போனார். கூந்தலைப் பிடித்துக் களத்தின் நடுவில் இழுத்துவந்து, கதிர் அடிக்கிற தடியால் முதுகில் அடித்தார். "எங்கண்ணனுக்கு என்னாடி போட்ட? கெணத்துத் தண்ணிக்குப் பேசுனாருன்னு இப்பிடி வெச்சுட்டியா?" என்று கத்தினார். கூட வந்தவர்கள் எங்கள் வீட்டுக்குள் புகுந்து அடுப்பை இடித்தார்கள், சட்டிபானையை எல்லாம் வாசலில் போட்டு உடைத்தார்கள். யாரோ குழம்புக் குண்டானைத் தூக்கிவந்து அண்ணியின் முன்னால் வைத்தார்கள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"குடி. நீ வெச்ச கொளம்புதானே? எங்க, குடி பாக்கலாம்" என்றார் சின்ன மாமா.

அண்ணி மூக்கில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தார். "குடிக்கிறன்யா. எனக்கென்னா பயமா? நான் ஒண்ணும் போடல" என்று குண்டானை இரண்டு கையாலும் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனார். உண்மையாகவே குடித்திருப்பார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. நான் பாய்ந்து அவர் கைமேல் உதைத்தேன். குண்டான் உருண்டு குழம்பெல்லாம் மண்ணில் கொட்டியது. தன் மேல் குற்றம் இல்லை என்று காட்ட அவருக்கு இருந்த ஒரே வழியையும் நான் கொட்டிவிட்டதுபோல அண்ணி என்னை முறைத்தார்.

ஜல்லி இறக்கிவிட்டு வந்த ஒரு லாரியை மறித்து எல்லாரையும் ஏற்றி ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். செத்தவரை ஊரார் பொறுப்பில் விட்டுவிட்டுச் சின்ன மாமாவும் அதே லாரியில் ஏறினார். அண்ணி எங்கேயும் ஓடிவிடக் கூடாதாம். வழி முழுக்க அவர் கையில் அண்ணியின் சேலைத் தலைப்பு சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. அண்ணன் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். காப்பி டிகாக்ஷன் மாதிரி பழுப்பாக இருந்தது. என்ன சாப்பிட்டார்கள், எதில் சமைத்தீர்கள், எதில் எடுத்தீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். அண்ணி ஒன்று விடாமல் சொன்னார். டிரம் என்றதும் டாக்டரம்மா நிறுத்தினார்.

"அந்த டிரம்முல அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

"தெரியாதுங்கம்மா."

"அதைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. எனக்கு ரெண்டு மூணு சந்தேகம் இருக்கு. ஒண்ணுக்குக் குடுக்கற மருந்தை இன்னொண்ணுக்குக் குடுத்தா ஆளே போயிடுவாங்க. மருந்து பெங்களூர்ல இருந்து வரணும். அதுவரைக்கும் என்னால முடிஞ்சதப் பாக்கறேன். சீக்கிரம் போங்க."

ஆக, அண்ணன் உயிர் ஒரு சுரண்டிப்போட்ட தாளில் இருந்தது. அண்ணி விஷம் வைத்தவளா இல்லையா என்பதும் அதே தாளில்தான் இருந்தது. சின்ன மாமா அண்ணியின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிச் சொன்னார். "வா. டிரம்மு வித்தவன் கிட்டயே போலாம். நீ சொல்றது நெசம்னா அவன வெட்டறன். பொய்யின்னா உன்ன வெட்டறன். ரெண்டுல ஒண்ணு இன்னிக்கே." லாரியில் முதலில் ஏறி உட்கார்ந்தவர் அண்ணிதான். நான் பின்னால் ஏறினேன். ஓட்டுநர் பாவம், யார் யாரை வெட்டப் போகிறார்கள் என்று தெரியாமலே குந்தாரப்பள்ளி வரை மிதித்தார்.

டிரம் வியாபாரியின் கொட்டகை நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. முன்பக்கம் துடைத்த டிரம்கள், பின்பக்கம் வந்து இறங்கிய அழுக்கு டிரம்கள், நடுவில் மண்ணெண்ணெய் வாளியும் சுரண்டும் தகடுகளும். வியாபாரி நல்ல மரியாதையான மனிதர்தான். "ஒக்காருங்க, என்னா வேணும்" என்றுதான் ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னதும் கையை விரித்தார். "ஆயிரம் டிரம்மு வருது, போவுது. எதுல என்னா இருந்துச்சுன்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்? தாளு ஒட்டியிருந்தா எவனும் வாங்க மாட்டான். அதான் சொரண்டறோம். உள்ள கழுவிக்கறது வாங்கறவங்க பாடு."

"ஏனித்து ஹேளு" என்றார் அண்ணி. என்ன இருந்தது, சொல். வியாபாரி மறுபடியும் கையை விரித்தார். கொட்டகை ஓரத்தில் ஒரு கடப்பாரை சாத்தியிருந்தது. அண்ணி போய் அதை எடுத்தார். யாரை அடிக்கப் போகிறாரோ என்று நான் பதறினேன். அவர் ஒரு டிரம்மைக் கவிழ்த்து அதன் அடியில் இறக்கினார். டொப். "ஏனித்து ஹேளு." அடுத்த டிரம். டொப். "ஏனித்து ஹேளு." வியாபாரியின் ஆட்கள் பாய்ந்தார்கள். ஒருவன் அவர் தோளில் இரும்புப் பட்டையால் அடித்தான். இன்னொருவன் டிரம்மின் மூடியை முகத்தில் வீசினான். முன்பல் இரண்டு அங்கேயே விழுந்தன. அண்ணி ரத்தத்தைத் துப்பிவிட்டு இன்னொரு டிரம்மை உதைத்தார். தடுக்கப் போன என்னைச் சுவரோடு தள்ளி மிதித்தார்கள். என் விலா எலும்பு ஒன்று விட்டுப்போனது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

சின்ன மாமா அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வந்தது வேடிக்கை பார்க்கத்தான், பொய்யா நிஜமா என்று. பல் போன வாயோடு அண்ணி நாலாவதோ ஐந்தாவதோ டிரம்மைக் கவிழ்த்தபோது அவருக்கு என்ன தோன்றியதோ, வியாபாரியின் பிடரியைப் பிடித்து மண்ணெண்ணெய் வாளியில் தலையை அமுக்கினார். வெளியே இழுத்தார். மறு கையில் தீப்பெட்டி இருந்தது. ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"இவ பொய் சொல்லல. பாத்துட்டன். நீ சொல்லு" என்றார்.

வியாபாரி இருமி இருமிப் பின்பக்கத்தைக் கை காட்டினார். சுருக்கு வளையம் போட்ட மூடி உள்ள டிரம் என்றால் ஒரே இடத்திலிருந்துதான் வரும், இரும்பைக் காய்ச்சிக் கடினமாக்குகிற ஒரு பட்டறை, இந்த மாத லோடு இன்னும் சுரண்டாமல் கிடக்கிறது என்று திணறினார். தெரியாது என்று சொன்ன வாய்தான். நான் விலாவைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடினேன். எங்கள் வீட்டு டிரம்மின் கூடப்பிறந்த டிரம்கள் அங்கே நின்றன. அதே மூடி, அதே உயரம். பிசின் கறை இருக்கவேண்டிய சதுரத்தில் தாள் கிழியாமல் அப்படியே இருந்தது. மேலே ஒரு மண்டை ஓடு. கீழே முழுக்க இங்கிலீஷ். உரித்தால் கிழிந்துவிடும் என்று டிரம்மையே தூக்கி லாரியில் போட்டோம்.

டாக்டரம்மா அதை வாசலிலேயே நின்று படித்தார். படித்துக்கொண்டே உள்ளே திரும்பி நர்ஸிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். பழுக்கக் காய்ச்சிய இரும்பை முக்கி எடுக்கிற ஒரு வகை உப்பாம் அது. நாக்குக்குச் சாப்பாட்டு உப்பு மாதிரியே கரிக்குமாம். ரத்தத்தில் கலந்தால் மூச்சு இழுத்தும் பயனில்லாமல் செய்துவிடுமாம். பெங்களூரிலிருந்து கார் வைத்துக் கொண்டுவந்த மருந்து நல்ல நீல நிறம். ஊசி போட்டதும் அண்ணன் உதட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு திரும்பியது. மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதைப் பார்த்து 'ஐயோ' என்று அலறினாரே, அதுதான் அவர் பிழைத்து எழுந்து பேசிய முதல் பேச்சு. மற்றவர்களும் பிழைத்தார்கள். பெரிய மாமா ஒருத்தர்தான் போனவர்.

அண்ணி அந்த டிரம்மின் பக்கத்திலேயே வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். வாயில் பஞ்சு வைத்திருந்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்தபோது, தாளில் வேறு என்ன எழுதியிருக்கிறது என்று சைகையில் கேட்டார். டாக்டரம்மா தமிழில் சொன்னார். உணவுப் பொருளோ தண்ணீரோ இதில் வைக்கக் கூடாது. காலியானதும் ஓட்டை போட்டு, மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும்.

அண்ணி பஞ்சை எடுத்துவிட்டார். "ஓட்டை போடச் சொல்லியா எழுதியிருக்குது?"

"ஆமாம்மா."

"அப்பவே எழுதியிருந்துச்சா? நான் வாங்கனப்பவும்?"

"எல்லா டிரம்மிலயும் இருக்கும்."

அண்ணி வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், அவ்வளவுதான். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியாத பாஷையில் எழுதி, அதையும் சுரண்டி எடுத்து, மேலே பளபளவென்று துடைத்து விற்றிருக்கிறார்கள். அன்று எனக்கு வந்த ஆத்திரம் இதை எழுதும்போதும் வருகிறது.

அடுத்த சந்தைக்கே அண்ணி கடப்பாரையோடு கிளம்பிவிட்டார். எழுதியிருந்த வேலையை யாரும் செய்யவில்லை, நான் செய்கிறேன் என்பதுதான் அவர் நியாயம். தாள் சுரண்டிய டிரம் எதைப் பார்த்தாலும் ஓட்டை. அதிசயம் என்னவென்றால் சின்ன மாமாவும் தடியோடு கூடப் போனார். அண்ணியோடு ஒரு வார்த்தை பேச மாட்டார். பத்தடி தள்ளித்தான் நடப்பார். அண்ணியை எவனாவது அடிக்க வந்தால் அவன் மண்டை உடையும். சொந்த அண்ணனைக் கொன்றவளுக்குக் காவல் போகிறான், பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் பேசினார்கள். டிரம்தான் காரணம் என்று போலீசும் சொல்லிவிட்டது, டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனாலும் ஊருக்கு 'விஷம் வெச்சவ' என்ற பேர் பிடித்துப்போயிருந்தது. அது ஒட்டினால் மண்ணெண்ணெய் போட்டாலும் போகாது.

சந்தை வியாபாரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கொஞ்ச நாளில் எல்லா டிரம்களிலும் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று பாஷையிலும் 'பாமாயில்' என்று பெயிண்டில் எழுதிவிட்டார்கள். அண்ணி என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் பொரிக்கடையில் ஒரு படி பொரி வாங்கிவந்து ஒரு டிரம்முக்குள் கொட்டி, உருட்டி, அந்த வியாபாரியின் எதிரே நீட்டினார். "எண்ணெ டிரம்முதானே? நீயே எழுதியிருக்கற. ஒரு கை அள்ளித் தின்னு, நான் ஊட்டுக்குப் போறன்." கூட்டம் கூடிவிட்டது. வியாபாரி பொரியைப் பார்த்தார், டிரம்மைப் பார்த்தார். தின்னவில்லை. அண்ணி கடப்பாரையை இறக்கினார். அன்று சந்தையில் நடந்த அடிதடியில் சின்ன மாமாவின் இடது காது கிழிந்தது. இரண்டு பேரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் உட்காரவைத்தது. நான்தான் போய்க் கூட்டிவந்தேன். பஸ்ஸில் அண்ணி என்னிடம், "எழுத்து பொய் சொல்லும்டா தம்பி. ஓட்டை பொய் சொல்லாது" என்றார்.

அப்புறம் சந்தையை விட்டுவிட்டு ஓசூரில் அந்தப் பட்டறையின் கேட்டுக்கே போனார். டிரம்கள் லாரியில் ஏறி வெளியே வரும்போது குறுக்கே போய் நின்றார். முதலாளி, விற்றதோடு எங்கள் வேலை முடிந்தது என்றார். வாட்ச்மேன் லத்தியால் அடித்ததில் அண்ணியின் மணிக்கட்டு உடைந்தது. உடைந்த கையோடு லாரியில் ஏறி மூன்று டிரம்மில் ஓட்டை போட்டுவிட்டுத்தான் இறங்கினார். ஷிப்ட் முடிந்து வந்த நானும் மற்றவர்களும் கேட்டில் கூடிவிட்டோம், கல் பறந்தது, ஜன்னல் கண்ணாடி எல்லாம் போயிற்று. அதன் பிறகு என்ன பயமோ, அங்கே ஓர் ஆளை டிரில்லோடு கேட்டில் நிறுத்தி, வெளியே போகிற ஒவ்வொரு டிரம்மிலும் ஓட்டை போட்டுத்தான் அனுப்பினார்கள். பார்த்துப் பார்த்து மற்ற பட்டறைகளும் செய்தன. அதற்கும் அண்ணிக்கு நல்ல பேர் வரவில்லை. அடுத்த கோடையில் தண்ணீர் பிடித்து வைக்கச் சல்லிசான டிரம் கிடைக்காமல் போனபோது, குழாயடியில் பெண்கள் அவரைச் சபித்தார்கள். ஒருத்தி குடத்தாலேயே அடித்தாள். அண்ணியும் திருப்பி அடித்தார், அதில் குறை வைக்கவில்லை.

இதெல்லாவற்றையும் அவர் தாங்கிக்கொண்டார். ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. அண்ணன் பிழைத்து வந்தபின், சாப்பிட உட்கார்ந்தால் முதல் உருண்டையை வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போடுவார். ஜீவகாருண்யம் போலத்தான் இருக்கும். போட்டுவிட்டு, தண்ணீர் குடிப்பார், துண்டை மடிப்பார், எதையாவது பேசுவார். நாய் எழுந்து நடந்தபின்தான் கை தட்டுக்குப் போகும். அவர் அண்ணியை ஒருநாளும் குறை சொன்னதில்லை. வயிறு நம்பவில்லை, அவ்வளவுதான். அண்ணி ஒருநாள் அந்தத் தட்டைப் பிடுங்கி நாய்மேல் வீசியெறிந்தார். அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மறுநாளும் நாய்க்குத்தான் முதல் உருண்டை. யாருடைய உயிருக்காகப் பல்லை உடைத்துக்கொண்டாரோ, அவரே இப்படி.

இப்போது நான் ஓசூரிலேயே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறேன். கடையில் எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் என்ன கலந்தது, எத்தனை நாள் வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்று எல்லாம் அச்சடித்திருக்கிறார்கள். கடுகை விடச் சின்ன எழுத்து. என் கண்ணாடிக்கு அது தெரிவதில்லை. பேரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னால், 'எல்லாம் சரியாத்தான் இருக்கும் தாத்தா' என்கிறான். எனக்கு உடனே கடப்பாரை ஞாபகம் வந்துவிடும். பேரனிடம் சத்தம் போட்டு, அவன் அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொள்வேன். போகட்டும். நான் சொல்ல வந்தது அண்ணன் காரியத்தைப் பற்றி.

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணன் மாரடைப்பில் போனார். அண்ணி கல் மாதிரி இருந்தார், அழவில்லை. காரியத்தன்று ஊரும் உறவும் வந்திருந்தது. அண்ணி கையால் சமைத்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்று பங்காளிகளே பேசி, வெளியூரிலிருந்து சமையல்காரர்களைக் கூட்டிவந்து கொல்லையில் அடுப்பு மூட்டிவிட்டார்கள். அண்ணியிடம் கேட்கவும் இல்லை. சொந்த வீட்டில் அவர் வாசற்படி ஓரமாக ஒதுங்கி நின்றார். இலை போட்டாயிற்று. அண்டாவைத் தூக்கிவந்து பந்தலில் வைத்தார்கள். அப்போதுதான் சின்ன மாமா வந்தார். அண்டாவைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். யாரும் எதிர்பார்க்கவில்லை, ஒரே உதை. சாம்பார் பந்தல் முழுக்க ஓடியது. ஆட்கள் அலறிக்கொண்டு எழுந்தார்கள்.

"இந்த ஊட்டுல கை காலோட ஒரு பொம்பள இருக்கறா. கூலிக்கு எவன்டா ஆக்கறவன்?" என்று கத்தினார். ஒரு பங்காளி சட்டையைப் பிடித்தான். அவனைத் தூக்கிப் போட்டார். பிறகு வாசற்படியில் வந்து அண்ணியின் எதிரில் நின்றார். அத்தனை வருஷத்தில் அவர் அண்ணியிடம் நேராகப் பேசியது அப்போதுதான்.

"எனக்குப் பசிக்குது. புளி கரைச்சுக் கொளம்பு வை."

"கொட்டிட்டயே மாமா, எத்தன பேரு சாப்பாடு" என்றார் அண்ணி. "ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

அண்ணி உள்ளே போய்ப் புளி ஜாடியைத் தூக்கிவந்து அவர் எதிரில் திறந்து காட்டினார். எதில் அடைத்தது, எங்கே வாங்கியது என்று சொல்ல ஆரம்பித்தார். சின்ன மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு எதுக்குச் சொல்ற? கரை" என்றார்.

குழம்பு கொதித்ததும் சின்ன மாமா பந்தலில் ஓர் இலை முன்னால் உட்கார்ந்தார். சோற்றைப் போட்டு அண்ணி குழம்பை ஊற்றினார். சின்ன மாமா யார் முகத்தையும் பார்க்காமல் பிசைந்து வாயில் வைத்தார். எல்லாரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் உட்பட. பல் போனபோது அழாத அண்ணி, கை உடைந்தபோது அழாத அண்ணி, புருஷன் போனபோதும் அழாத அண்ணி, கரண்டியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். சின்ன மாமா நிமிரவே இல்லை. சோற்றில் குழி பறித்து இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

"ஊத்து" என்றார்.